மூன்றாம் நபருக்குத் தகவல் இல்லை

1

எங்கள் மகள் நிலாவுக்கு வருடத்தில் இரண்டு நாள் கொண்டாட்டம். மாசியில் பிறந்த நாள் வரும், அதற்குக் கேக். ஆவணியில் ‘வந்த நாள்’ வரும், அதற்குக் கேசரி. காஞ்சிபுரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆறு மாதக் குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு நானும் என் வீட்டுக்காரர் சேகரும் பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வந்த நாள் அது. அவளுக்கு மூன்று வயதானபோது சேகருக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை கிடைத்தது. நார்வேக்கு வந்து சேர்ந்தோம். பெர்கன் என்கிற இந்த மழை ஊரில் அடுப்பு மாறியது, ரவை மாறியது, கேசரி மட்டும் ஒரு வருடமும் நிற்கவில்லை. தத்து எடுத்த பிள்ளை என்பதை அவளிடம் நாங்கள் என்றைக்குமே மறைத்ததில்லை.

போன வருடம் அந்த நாளில் நான் ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது நிலாவின் தோழி ஃபோன் செய்தாள். நிலா படிப்பது ட்ரொம்சோவில். இங்கிருந்து விமானம் ஏறித்தான் போக வேண்டும், அவ்வளவு வடக்கே. அங்கே நீச்சல் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தவள் திடீரென்று அசைவில்லாமல் போய்விட்டாளாம். காவலுக்கு நின்றவர் குதித்து இழுத்துப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். ரவை கருகிப்போனது. நானும் சேகரும் அடுத்த விமானத்தில் ஓடினோம்.

இதய மருத்துவர் நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். நிலாவின் இதயத் துடிப்பில் ஏதோ ஒரு தாமதம் தெரிகிறதாம். பயப்படவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது என்கிற அளவில் இருக்கிறதாம். ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் அதில் தெளிவாக எதுவும் வராமலும் போகலாம். “முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றால் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்துவிடலாம். துடிப்பு தப்பினால் அது தட்டி எழுப்பிவிடும். இல்லை என்றால் மாத்திரை கொடுத்துக் கவனித்துக்கொண்டு வரலாம். வீணாக ஒரு சின்னப் பெண்ணின் நெஞ்சைக் கிழிக்க அவருக்கும் மனசில்லை.

நான் என் உடைந்த நார்வே மொழியில் ஆரம்பித்துவிட்டேன். எங்க அப்பாவுக்குச் சர்க்கரை, பெரியப்பா அறுபது வயதில் மாரடைப்பில் போனார், எங்க அத்தைக்கு ரத்தக்கொதிப்பு என்று ஒன்று விடாமல் அடுக்கினேன். மருத்துவரும் எழுதிக்கொண்டே வந்தார். நிலா கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்தாள்.

“அம்மா, அது உன் குடும்பம்” என்றாள். “என்னோடது இல்ல.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொன்னது உண்மைதான். எனக்குத்தான் அந்த நேரத்தில் அது மறந்தே போயிருந்தது. மருத்துவர் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று ஒரு வார்த்தை எழுதினார். வெளியே வந்து அழுதேன்.

2

தத்துக் கொடுத்த இடத்தில் விசாரிக்க வழி இருக்கிறது என்று அதே மருத்துவர்தான் சொன்னார். பெற்றவளின் பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், அவள் யார் என்று காட்டிக்கொடுக்கிற எதுவும் வேண்டாம். அவளுக்கு அப்போது என்ன வயது, என்ன நோய்நொடி, கூடப்பிறந்தவர்களுக்கு என்ன இருந்தது என்கிற பின்னணி விவரத்தை மட்டும் கேட்டு வாங்கலாமாம். எல்லா நாட்டிலும் இது நடக்கிற காரியம் என்றார். பாவம், அவர் காஞ்சிபுரத்தைப் பார்த்ததில்லை.

நான் இங்கே ஒரு மழலையர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறேன். காலையில் கேரட் நறுக்குவேன், மதியம் மீன் சூப் காய்ச்சுவேன், மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து இல்லத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். ஒரு மாதம் பதில் இல்லை. ஃபோன் செய்தால், “மெயில் போடுங்கம்மா” என்றார்கள். மெயில் போட்டுத்தானே காத்திருக்கிறேன் என்றால், “அப்ப பதில் வரும்மா” என்று வைத்துவிட்டார்கள். ஐப்பசி போனது, மார்கழி போனது. நிலா மாத்திரையை விழுங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஓடக் கூடாது, நீந்தக் கூடாது, தனியாகத் தூங்கக் கூடாது. படிக்க வீட்டை விட்டுப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவள் பேசுகிற தமிழ் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. “ஆமா”, “சாப்ட்டேன்”, “சரிம்மா” என்பதற்கு மேல் வராது. இந்த விஷயம் வந்த பிறகு கூடவே ஒரு கேள்வியும் வர ஆரம்பித்தது. “ஏதாவது சொன்னாங்களா?”

பங்குனியில்தான் பதில் வந்தது. ஒரே ஒரு பக்கம். ‘பெற்ற தாய் பற்றிய பொது விவரம்’ என்று தலைப்பு. அப்படியே தருகிறேன், நீங்களே படித்துப் பாருங்கள். நிறம்: சிவப்பு. உயரம்: நடுத்தரம். தலைமுடி: நீளம், அடர்த்தி. நட்சத்திரம்: சுவாதி. உணவு: சைவம். குடும்பம்: நல்ல குடும்பம். குணம்: அடக்கம். ஆரோக்கியம்: நன்று.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை பிழைப்பாளா மாட்டாளா என்று கேட்டால், பெற்றவளின் முடி எவ்வளவு நீளம் என்று பதில் சொல்கிறார்கள்! இது என்ன, பெண் பார்க்கவா கேட்டேன்? அவளுடைய நட்சத்திரம் வரைக்கும் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் யாரோ அவளை உட்கார வைத்து விசாரித்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ராசி நட்சத்திரம் கேட்கத் தெரிந்த வாய்க்கு, உங்கள் வீட்டில் யாருக்காவது இதயக்கோளாறு உண்டா என்று கேட்க மட்டும் தெரியாமல் போய்விட்டதா? சேகர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, “நீ போய்ட்டு வா” என்றார். பள்ளிக்கூடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

3

வைகாசி வெயிலில் காஞ்சிபுரத்தில் போய் இறங்கினேன். பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஏறினால், ஓட்டுகிறவர் என் கைப்பையையும் ஷூவையும் பார்த்துவிட்டு, “வழியில ஒரு பட்டுக்கடை இருக்குதும்மா, சும்மா வந்து பாருங்க, வாங்கலன்னாலும் பரவால்ல” என்கிறார். தெருவெல்லாம் தறி ஓடுகிற பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் காஞ்சிப் பட்டு காட்டுகிறாராம்! “நான் இந்த ஊருப்பா. ஒழுங்கா வண்டிய ஓட்டு” என்றேன். “அப்படியாம்மா, பாத்தா தெரியல” என்றார். அந்த ஒரு வாரம் முழுக்க இதையேதான் ஒவ்வொருவராக எனக்குச் சொல்லப்போகிறார்கள் என்று அப்போது தெரியாது.

தம்பி வீட்டில்தான் தங்கினேன். அவனுக்கு நான் வந்த காரியமே பிடிக்கவில்லை. “எதுக்குக்கா இதக் கிளறிக்கினு இருக்கற? நாளைக்கே அந்தப் பொம்பள யாருன்னு தெரிஞ்சா, பொண்ணு உன்ன விட்டுட்டு அங்க ஓடிடும். அப்ப குத்துதே குடையுதேன்னா யாரு பாக்கறது?” என்றான்.

“பொண்ணு உயிரோட இருந்தாத்தானேடா ஓடறதுக்கு?” என்றேன்.

மறுநாள் வரதராஜர் கோயில் கருட சேவை. ஊருக்கே விடுமுறை. அதனால் அதற்கு அடுத்த நாள்தான் இல்லத்துக்குப் போக முடிந்தது. அங்கே நிர்வாகியாக இருப்பவர் நெற்றி நிறைய விபூதியோடு வயதான மனிதர். நிலாவை எங்களிடம் கொடுத்த காலத்திலும் அவர்தான் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார், மோர் கொடுக்கச் சொன்னார், பிள்ளையின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

“ஆரோக்கியம் நன்றுன்னு போட்டிருக்கீங்களே, எத வச்சு சார் போட்டீங்க?”

“அதும்மா… எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் போடறது” என்றார், ஒளிவு மறைவே இல்லாமல். “பெத்தவளுக்கு அந்த வியாதி, அப்பனுக்கு இந்த வியாதின்னு எழுதி வச்சா யாருமா வந்து தூக்குவாங்க? பிள்ளைங்க இங்கியே கெடந்து போயிடும். பொண்ணு ஜாதகம் குடுக்கறோம், அதுல குத்தங்குறையா எழுதறோம்? நல்லத சொல்லிக் கரையேத்தி விடறதுதான்.”

வருகிறவர்கள் குழந்தையைத் தட்டிக்கழித்துவிடக் கூடாது என்று, கல்யாணத் தரகர் வரன் குறிப்பு எழுதுவதைப்போல, அத்தனை குழந்தைகளுக்கும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியமாம் இது. நிறத்தைக் கூட்டி எழுதினார்கள், நோயை எழுதாமல் விட்டார்கள். எழுதாமல் விட்டால் உடம்பை விட்டுப் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

“யாராவது சின்ன வயசுல செத்தாங்களான்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்?”

அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். “பச்ச உடம்புக்காரிகிட்ட போய் உங்க வீட்ல யாரு செத்தாங்கன்னு கேப்பாங்களாமா? அபசகுனம். நீங்களும் இந்த ஊருதானே?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பயப்படாதீங்க. நல்ல குடும்பம்தான். நம்ம மாதிரி” என்றார்.

‘நல்ல குடும்பம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருதயத்தைப் பற்றிக் கேட்டு வந்தவளுக்குச் சாதியைச் சொல்லி ஆறுதல் சொல்கிறார். எழுந்துவிட்டேன்.

“சார், நான் எம் பொண்ணுக்குக் கண்ணாலம் பேச வரல. அவ உசுரோட இருக்கணும்னு வந்திருக்கேன்.”

அவர் முகம் வாடிப்போனது. இனி பெற்றவளைத் தேடிக் கேட்கிற அதிகாரம் தங்களுக்கு இல்லை, மாவட்டக் குழந்தைகள் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும் என்றார். மோரைக் குடிக்காமலே வந்துவிட்டேன்.

4

அந்த அலுவலகத்தில் என்னை அல்லாட விட்ட கதையை முழுதாக எழுதினால் இந்த இதழ் பத்தாது. ஒன்றிரண்டு சொல்கிறேன்.

நிலா தன் சார்பில் நான் விசாரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு, ட்ரொம்சோ நீதிமன்றத்தில் முத்திரை வாங்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுத்திருந்தாள். எழுத்தர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நார்வேக்காரர்கள் ட்ரொம்சோ என்று எழுதும்போது கடைசியில் வருகிற வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். அது அவர்களுடைய எழுத்து. எழுத்தர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

“இன்னாமா இது, அடிச்சிருக்குது?”

“அடிக்கல சார். அந்த எழுத்தே அப்படித்தான்.”

“அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாதும்மா. பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கினு வாங்க.”

“முத்திரையிலயே அப்படித்தான் சார் இருக்குது. ஊருக்கே பேரு அது. ஊரையே அடிச்சுத் திருத்தியிருக்காங்கன்னு சொல்றீங்களா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எழுத்தர் சிரிக்கவில்லை. தாளைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

“நீங்க பெத்த தாயா?”

“வளத்த தாய்.”

“மனு குடுக்கறது பொண்ணா, நீங்களா?”

“பொண்ணுக்காக நான். அவளால இப்ப இவ்ளோ தூரம் பறந்து வர முடியாது, டாக்டர் வேணாம்னுட்டாரு.”

“அப்ப நீங்க மூணாம் நபரும்மா” என்றார். குரலில் கோபமோ கிண்டலோ கிடையாது, மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். “தத்துப் போன பிள்ள கேக்கலாம். பெத்தவங்களக் கண்டுபிடிக்கறது சம்பந்தமா மூணாம் நபருக்கு எந்தத் தகவலும் தரக் கூடாதுன்னு இருக்குது.”

சும்மா இருப்பேனா? “யாருப்பா மூணாம் நபர்?” என்று கத்தினேன். அந்தக் கூடமே திரும்பியது. “மூக்குச்சளி சிந்தினவ மூணாம் நபரா? அம்மை போட்டப்ப வேப்பிலையோட பக்கத்துல கெடந்தவ மூணாம் நபரா? பல்லு விழுந்ததுலேர்ந்து பரிட்ச எழுதினது வரைக்கும் கூட நின்னவ மூணாம் நபர்னா, முதல் நபர் எவ, ரெண்டாம் நபர் எவ, அதச் சொல்லு பாப்பம்!”

இந்த விதி எதற்கு என்று எனக்கும் தெரியும். கண்டவனும் போய்ப் பெற்றவளை மிரட்டக் கூடாது, காசு பறிக்கக் கூடாது. நியாயம்தான். ஆனால் பெயர் கேட்கிறவளுக்கும் நோய் கேட்கிறவளுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா? நான் கேட்டது ஒரு ஆமாம் அல்லது ஒரு இல்லை. அந்த இரண்டில் எந்த வார்த்தை ஒருத்தியின் முகவரியைக் காட்டிக்கொடுக்கும்? கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

5

வெளியே மரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். எஸ்தர் என்று பெயர், பக்கத்துக் கிராமம் முசரவாக்கத்துப் பெண், அந்த அலுவலகத்தில் சமூகப் பணியாளர். ஒப்பந்த வேலை.

“முதல்ல குடிங்க மேடம். நீங்க கத்தனதெல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன்” என்றாள். “அவரு சொன்னது ரூல்தான். ஆனா பொண்ணு கேட்டா கேக்கலாம்ல? பொண்ணு நேர்ல வரணும்னு எங்கயும் எழுதல. வீடியோ கால் போடுங்க.”

போட்டேன். நிலா வகுப்பிலிருந்து வெளியே ஓடி வந்தாள், ஓடாதே என்று திட்டினேன். எஸ்தர் ஃபோனை வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிலாவுக்குத் தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

“எனக்கு அவங்க பேரு வேணாம். பாக்க வேணாம். அவங்களுக்குக் கஷ்டம் வேணாம். டாக்டர் கேக்கற அது ஒண்ணு மட்டும்.”

“உங்களுக்காக உங்க அம்மா இங்க கேக்கறதுல உங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லியே?”

நிலாவுக்கு ஆட்சேபம் என்கிற வார்த்தை புரியவில்லை. எஸ்தர் வேறு மாதிரி சொன்னாள். புரிந்ததும் நிலாவுக்குச் சிரிப்பு வந்தது. “அம்மாதானே கேக்கணும்? வேற யாரு கேப்பாங்க?” என்றாள்.

எஸ்தர் அதை அப்படியே பதிவு செய்து, நிலாவின் பெயரிலேயே மனுவாக எழுதி, அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். மூன்று நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள். பெற்றவள் இருக்கிறாளாம். யார் மூலம் பிடித்தாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“ஆனா சிக்கல் இருக்குது மேடம். அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு பசங்க. வீட்டுக்காரருக்கு இந்த விஷயம் தெரியாது. லெட்டர் போட்டா யாராவது பிரிப்பாங்க. நான் நேர்ல போனா, ஆபீஸ்லேர்ந்து எதுக்கு வந்தாங்கன்னு தெருவே கேக்கும். ஃபோன்ல கேட்டாலும் பக்கத்துல ஆள் இருந்தா அவங்க இன்னான்னு பதில் சொல்லுவாங்க? உங்க வீட்ல யாராவது சின்ன வயசுல செத்தாங்களான்னு திடீர்னு ஒருத்தி கேட்டா, ஃபோன வச்சிட மாட்டாங்களா?”

யோசித்தேன். எங்கள் ஊரில் நல்லது கெட்டது எதற்கும் சாவைப் பற்றி வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டவரை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஆனால் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அந்தக் கேள்விக்குப் பதிலும் சொல்லி அனுப்புகிற ஆள் ஒருவர் உண்டு. அப்பா எப்போது போனார், எதில் போனார், அண்ணன் தம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர் பாட்டுக்குக் கேட்பார்.

“இன்சூரன்ஸ்” என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “மேடம், தெரிஞ்சா எனக்கு வேல போயிடும்.”

“தெரியும்மா. வேணாம்னா வேணாம்.”

அவள் நிலாவின் மனுவை எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள். ஒரு தாயிடம் ஒரு உண்மையைக் கேட்க, வேலை போகிற பயத்தோடு ஒரு பெண் பாலிசி விற்கிறவள் வேஷம் போட வேண்டியிருக்கிறது. இத்தனை சட்டம், இத்தனை அலுவலகம், இத்தனை முத்திரை இருந்தும் நேராகக் கேட்க ஒரு வழி வைக்கவில்லையே, பாவிகளா!

“மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க” என்றாள் எஸ்தர்.

6

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிற உங்களைத் தவிக்க விடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனி மாதம் நிலாவின் நெஞ்சில் கருவி வைத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள். இந்த வருடம் ‘வந்த நாள்’ இன்றைக்குத்தான். கேசரி கருகாமல் வந்தது. அவள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள், நான் அடுப்படி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த ஃபோன் பேச்சைத்தான் இன்னும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எஸ்தர் கதவைச் சாத்தினாள். என்னை எதிரில் உட்காரச் சொன்னாள், பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். எழுதுவதற்குக் கை வேண்டும் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, “பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேன். குரலுக்கு ரூல் எதுவும் இல்ல” என்றாள்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பெண்குரல் கேட்டது, பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

“யாரு?”

“இன்சூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து பேசறோம்மா.”

“நாங்க ஏற்கெனவே போட்டிருக்கறோம்மா. வேணாம்.”

“உங்களுக்கு இல்லம்மா. வேற ஒருத்தங்க பேர்ல இருக்குது. அவங்க பின்னணி விவரத்துக்கு உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கணும்.”

“வேற யாரு பேர்ல?”

எஸ்தர் மனுவைப் பார்த்துக்கொண்டாள். “ஒரு பொண்ணு பேர்லம்மா. மாசி மாசம் பொறந்தது. இருபத்திரண்டு வயசு ஆவுது.”

மிஷின் நின்றது. வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். “இன்சூரன்ஸ்காரங்க, வந்துட்டேன்” என்று யாரிடமோ சொன்னாள். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு வெளிக்காற்று.

“கேளுங்கம்மா” என்றது குரல். வேறு குரலாக இருந்தது.

எஸ்தர் கேட்டாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“எங்கண்ணன்” என்றாள் உடனே, காத்திருந்தவள்போல. “இருபத்தாறு வயசு. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தான், அப்படியே உழுந்தான். குடிச்சிட்டு உழுந்து கெடக்கறான்னு யாருமே தூக்கல. எங்கண்ணன் குடிக்கவே மாட்டான்மா. எத்தினி பேருகிட்ட சொன்னேன், ஒருத்தரும் நம்பல.” மூச்சு வாங்கினாள். “எங்கம்மாவோட தங்கச்சி ஒண்ணு. கெணத்துல குளிக்கப் போச்சு, நல்லா நீஞ்சும். மொதந்துக்கினு இருந்துச்சு. யாரு கூடவோ பழகி வுழுந்து செத்துச்சுன்னு ஊரே பேசுச்சு. அதுவும் அப்படி இல்லம்மா.”

எஸ்தரின் பேனா நின்றுவிட்டது. எனக்கு நிலா தண்ணீரில் அசையாமல் கிடந்தது கண்ணில் வந்தது. ஒரே நோய் இரண்டு உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. ஊர் ஒருவனுக்குக் குடிகாரப் பட்டம் கட்டியது, ஒருத்தியின் நடத்தையில் சேற்றை வாரி இறைத்தது. என்ன நடந்தது என்று ஒருவர் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இல்லத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பாள். முடியின் நீளத்தை அளந்தார்கள்!

“அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லியேம்மா?” என்றாள் அவள்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். விதிப்படி பெற்றவளுக்குப் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. பிள்ளை கேட்க ஒரு மனு இருக்கிறது, பெற்றவள் கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டு பையன்கள் இருக்கிறார்களே. நான் எஸ்தரின் பேனாவைப் பிடுங்கி அவள் உள்ளங்கையிலேயே எழுதினேன்: ‘பசங்களுக்கும் இசிஜி’.

அவள் படித்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

“அம்மா, உங்க ரெண்டு பசங்களுக்கும் ஒரு இசிஜி எடுக்கணும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசு கிடையாது. உங்க அண்ணன் உழுந்தத டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க. சித்தியப் பத்தியும் சொல்லுங்க. குடிச்சதா, கெணத்துல உழுந்ததான்னு யாராவது கேட்டா இல்லன்னு சொல்லுங்க. கட்டாயம் எடுக்கணும்மா, இந்த வாரத்துலயே.”

“எடுக்கறேன். கூட்டிக்கினு போறேன்.” என்றாள் அவள். “அந்தப் பொண்ணுக்கு எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சும்மா” என்றாள் எஸ்தர். சொல்லக் கூடாத பதில்தான், சொல்லிவிட்டாள். “அவங்க அம்மா கூட்டிக்கினு போய் எடுத்துட்டாங்க.”

அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக, “அவங்க பக்கத்துலதான் இருக்காங்களா?” என்று கேட்டாள்.

எஸ்தர் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். நான் ஃபோனுக்குக் கிட்டே குனிந்தேன்.

“இருக்கேன் தங்கச்சி” என்றேன்.